தன்மையும் படர்க்கையும்: தொடர்புச் சாதனங்களின் செல்வாக்குப் பற்றிய மதிப்பீடும் ஊவாத் தோட்ட மக்களும்

மொனராகலை நகரின் தேநீர்க் கடையொன்றிலே காலை வேளையிற் சிறிது நேரம் அமர்ந்திருப்போர்க்கு ஒருவகைப் பேச்சு விரைவிற் பழக்கமாகிவிடும். பத்திரிகைச் செய்தியாயினும், தொலைக்காட்சியிற் கேட்ட வாக்குறுதியாயினும், கைத்தொலைபேசியில் வந்த வதந்தியாயினும், அதைப் பற்றிய உரையாடல், "நமக்கு விஷயம் விளங்கும், தோட்டத்துச் சனங்கள்தான் இதை அப்படியே நம்பிவிடுவார்கள்" என்றவாறு முடிவுறுவதுண்டு. அதே செய்தியைத் தோட்டத்து லயத்திலிருந்து பேசுவோர், "நாங்க நம்பமாட்டோம், கீழ்க்கணக்கு ஆளுகதான் ஏமாந்துபோவாங்க" என்பர். கீழ்க்கணக்கிலுள்ளோர் யாரைச் சுட்டுவர் என்பதை ஊகித்தல் கடினமன்று. கொழும்பிலிருப்போர் ஊவா முழுவதையுமே அவ்வாறு சுட்டுவர்.

எல்லாருமே தம்மை விலக்கிப் பிறரைச் சுட்டுவராயின், ஏமாறும் அந்தப் பிறர் யாவர்? இவ்வினா நகைப்புக்குரியதுபோலத் தோன்றினும் அதன் பின்னே பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. யார் எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம், யாருடன் பேசலாம் என்பன பற்றிய தீர்மானங்கள் பெரும்பாலும் "அவர்கள் நம்பிவிடுவார்கள்" என்ற கணிப்பை அடிப்படையாகக் கொண்டே எடுக்கப்பட்டு வந்துள்ளன. மலையகத் தோட்ட மக்கள் நீண்ட காலமாக அந்த "அவர்கள்" என்னும் இடத்திலே வைத்து எண்ணப்பட்டவர்கள். எனவே இப்பொருள் நமக்கு வெறும் உளவியல் ஆர்வத்துக்குரியதொன்றன்று. இக்கட்டுரை அக்கணிப்பின் இயல்பினை விளக்கி, ஊவாவினதும் மலையகத்தினதும் வரலாற்றில் அது தொழிற்பட்டவாற்றை நோக்க முற்படுகின்றது.

தமிழிலக்கணம் இடத்தினைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுக்கும். பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. பேசப்படுவோன் அவ்விடத்தில் இல்லாதவன். ஆதலின் தன்னைப் பற்றிக் கூறப்படுவதை அவனால் மறுக்கவியலாது. தொடர்பியலாளர் இன்று விரிவாக ஆராயும் கருத்தொன்றுக்கும் இவ்விலக்கண வகைப்பாடே பெயர் தந்துள்ளது. அதனை ஈண்டுப் படர்க்கை விளைவு என வழங்குவோம். தொடர்புச் சாதனமொன்றின் செய்தி தன்னையும் தன் போன்றோரையும் சிறிதளவே பாதிக்கும் என்றும், பிறரைப் பெரிதளவு பாதிக்கும் என்றும் ஒருவர் கருதுவதே இவ்விளைவாகும்.

கருத்தின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றே இத்துறைக்கு வித்திட்டது. அக்கட்டுரை இரண்டாம் உலகப் போர்க்கால நிகழ்ச்சியொன்றுடன் தொடங்குகின்றது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள இவோ ஜீமாத் தீவிலே அமெரிக்கப் படைப் பிரிவொன்று இருந்தது. அதன் படைவீரர் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். இதனை அறிந்த யப்பானியர் விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களை வீசினர். இது வெள்ளையரின் போர். உங்களுடன் எமக்குப் பகையில்லை. வெள்ளையனுக்காக உயிரைக் கொடாதீர் என்பதே அவற்றின் சாரம். மறுநாளே அப்படைப் பிரிவு அங்கிருந்து அகற்றப்பட்டது.

துண்டுப் பிரசுரங்கள் கறுப்பினப் படைவீரரின் மனத்தை மாற்றின என்பதற்குச் சான்றெதுவும் இருக்கவில்லை. ஆயினும் அவை விளைவின்றிப் போகவுமில்லை. வீரர்கள் மனம் மாறிவிடுவர் என அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சமே படைப் பிரிவை நகர்த்தியது. பிரசாரம் யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவரை அன்றி, அவரைப் பற்றி அஞ்சியோரையே அது அசைத்தது. டேவிசன் பின்னர் மாணவரின் சிறு குழுக்களிடம் நியூயோர்க் ஆளுநர் தேர்தற் பிரசாரம் முதலியன பற்றி வினவினார். அப்பிரசாரம் உம்மை எவ்வளவு பாதித்திருக்கும், பொதுமக்களை எவ்வளவு பாதித்திருக்கும் என இரு வினாக்களை எழுப்பியபோது, பொதுமக்கள் மீதான விளைவே கூடுதலெனப் பலர் மதிப்பிட்டனர். இதன் பின்னர் பல நாடுகளிலே, விளம்பரம், தேர்தற் பிரசாரம், வன்முறைக் காட்சி, பொய்ச் செய்தி எனப் பல பொருள்கள் குறித்து நடைபெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் இப்போக்கினையே கண்டன.

இக்கருத்திலே இரு கூறுகள் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலாவது, மதிப்பீடு: பிறர் எம்மிலும் கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என எண்ணுதல். இரண்டாவது, செயல்: அம்மதிப்பீட்டை நம்பி ஒன்றைச் செய்தல். இரண்டாவது கூறே வரலாற்றில் வலிமை வாய்ந்தது.

துரைமாரின் அச்சம்

இவோ ஜீமாவில் நடந்ததை வாசிக்கும் மலையக வாசகர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. கறுப்பின வீரருக்குப் பதிலாகத் தோட்டத் தொழிலாளரையும், படையதிகாரிகளுக்குப் பதிலாகத் தோட்டத் துரைமாரையும் வைத்து நோக்கினால் நமது வரலாற்றின் ஒரு பகுதி அப்படியே புலப்படும்.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே தோட்டம் என்பது வேலியிடப்பட்ட ஓர் உலகம். துரையின் அனுமதியின்றி வெளியார் லயங்களுக்குட் செல்லுதல் அத்துமீறலாகக் கருதப்பட்டது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்ட நிலைமைகளை அறியும்பொருட்டுத் துணி வியாபாரியைப்போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் செல்ல வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டிலே அவர் தேசபக்தன் பத்திரிகையைத் தொடக்கினார். அதே ஆண்டிலேதான் புகையிரதப் பாதை பதுளை வரை நீண்டது. பத்திரிகையும் புகையிரதமும் வந்துசேர்ந்த அக்காலத்தில் தொழிலாளருள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. ஆயினும் அச்சொல் தோட்டங்களை எட்டியது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் பாட்டாகவும் பேச்சாகவும் செய்திகளை எடுத்துச் சென்றார்.

1937இல் நிகழ்ந்த பிரேஸ்கேடில் விவகாரம் படர்க்கை விளைவுக்குச் செவ்விய உதாரணமாகும். மார்க் அந்தனி பிரேஸ்கேடில் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் தொழில் பயில வந்தவர். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிலே பயிற்சி பெற்ற அவர் தொழிலாளர்பால் இரக்கங் கொண்டு துரைமாருடன் முரண்பட்டார். லங்கா சமசமாசக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்பிரலிலே நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அம்மாத முடிவிற்குள் ஆளுநர் சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். மே மாதத்திலே உயர் நீதிமன்றம் அக்கட்டளையை வலிதற்றதாக்கியது. ஒரு மனிதரின் சில பேச்சுக்களுக்காகக் குடியேற்ற ஆட்சி அத்துணை தூரஞ் சென்றமைக்குக் காரணம் யாது? வெள்ளையர் ஒருவரே வெள்ளையரைக் கண்டித்துப் பேசக் கேட்டால் தொழிலாளர் கிளர்ந்தெழுவர் என்ற கணிப்பேயாகும்.

இக்கணிப்பின் உள்ளே மறைந்துள்ள எடுகோளை உற்றுநோக்குதல் வேண்டும். தொழிலாளிக்குச் சொந்தமாகக் குறையெதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் சொல்லே அவனிடத்திற் குறையை உண்டாக்குகின்றது என்பதே அவ்வெடுகோள். ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அதே ஆண்டில் ஊவாவிலே பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையையே தெரிவுசெய்தனர். கூலி, கடன், கங்காணியின் கெடுபிடி, சங்கஞ் சேரும் உரிமை மறுக்கப்பட்டமை ஆகியன அவர்களது அன்றாட அனுபவங்கள். பேச்சாளர் அவ்வனுபவத்துக்குச் சொற்களைத் தந்தனர். அனுபவத்தை அவர்கள் தரவில்லை.

துரைமார் மட்டுமே இவ்வாறு எண்ணினர் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வருமுன் அதனை எதிர்த்த இலங்கைப் பிரமுகரும், கல்வியறிவற்ற மக்கள் பிறரால் இலகுவில் திசைதிருப்பப்படுவர் என்ற வாதத்தை முன்வைத்தனர். தம் தீர்ப்பு அறிவாலும், பிறர் தீர்ப்பு ஆரவாரத்தாலும் அமைவது என்ற நம்பிக்கை இனமும் நிறமும் கடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் அடுத்துத் தோட்ட மக்களுட் பெரும்பான்மையோர் வாக்கிழந்தமைக்கு வேறு வலுவான அரசியற் காரணங்கள் இருந்தன. எனினும், சொந்தத் தீர்ப்பு அற்றவர் எனக் கருதப்படும் மக்களின் குரலைப் பறிப்பது ஏனையோர் குரலைப் பறிப்பதிலும் எளிது என்பது வெளிப்படை.

ஒரே செய்தி, இரு சார்பு

இனி, செல்வாக்கிலிருந்து சார்புக்கு வருவோம். "இந்தப் பத்திரிகை ஒருதலைச் சார்பானது" என்ற குற்றச்சாட்டும் இதே வேரிலிருந்து கிளைப்பதேயாகும்.

1985இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலோன், ரொஸ், லெப்பர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. 1982இல் பெய்ரூத்தின் அகதி முகாம்களிலே நடந்த படுகொலைகள் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்திகளை அவர்கள் 144 மாணவர்க்குக் காட்டினர். இஸ்ரேலை ஆதரித்தோர் அச்செய்திகள் இஸ்ரேலுக்கு எதிரானவை என்றனர். அரபு மக்களை ஆதரித்தோர் அதே செய்திகள் இஸ்ரேலுக்குச் சார்பானவை என்றனர். நடுநிலையானவர்கள் இவற்றைப் பார்த்தால் எமது பக்கத்தையே வெறுப்பர் என இரு சாராரும் எதிர்வுகூறினர். சார்பு பற்றிய முறைப்பாட்டின் அடியிலே பிறர் ஏமாறுவர் என்ற அச்சம் கிடப்பது இதனாற் புலனாகும். விடயத்தைக் கூடுதலாக அறிந்தவரே கூடுதலான சார்பைக் கண்டனர் என்பதும் ஆய்வின் மற்றொரு முடிவாகும். கற்றோர் நாம் இதனின்றும் விலக்குப் பெற்றவரல்லேம் என்பதற்கு இது போதிய எச்சரிக்கை.

நாளாந்தச் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் எனத் தோட்டத் தொழிலாளர் பல்லாண்டுகளாகக் கோரினர். 2021 மார்ச்சிலேயே சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளிவந்தது. அக்காலத்துச் செய்தியொன்றைக் கற்பனை செய்க. தொழிலாளர் மறியலையும் அதிலே கூறுகின்றனர். தேயிலையின் உற்பத்திச் செலவு பற்றிக் கம்பெனிகள் சொல்வதையும் கூறுகின்றனர். பசறையிலே அதைக் கேட்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு உற்பத்திச் செலவு பற்றிய வரிகளே உறுத்தும். அவளது வீட்டுச் செலவு பற்றி அதிலே ஒன்றுமில்லை. கம்பெனி அலுவலர்க்கு மறியற் படமே உறுத்தும். உலகச் சந்தை விலை பற்றி அதிலே போதியளவு இல்லை. இருவரும் செய்தியை அதிலுள்ளதைக் கொண்டு அளப்பதில்லை. தாம் முழு உண்மை எனக் கொண்டதற்கும் அதற்குமுள்ள இடைவெளியைக் கொண்டே அளக்கின்றனர்.

இதிலிருந்து எல்லாச் செய்திகளும் நடுநிலையானவை என்றோ, சார்பு பற்றிய குற்றச்சாட்டு யாவும் மனப்பிரமை என்றோ முடிவுசெய்தல் பெருந்தவறாகும். தோட்ட மக்களின் துயரம் பல்லாண்டு காலம் தலைநகரச் செய்தித்தாள்களின் ஓரத்திலேயே கிடந்தது. எந்த மொழியில், எவருடைய வாயால் அது சொல்லப்பட்டது என்பதிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. சொல்லவேண்டுவது இதுவே: சார்பு உண்டு என்ற எமது உணர்வு மட்டும் சார்புக்குச் சான்றாகாது. எத்தனை வரிகள், யார் மேற்கோள், எந்தத் தலைப்பு, எது விடுபட்டது என எண்ணிக் காட்டுதல் வேண்டும். எண்ணிக் காட்டிய முறைப்பாட்டை எளிதில் ஒதுக்கவியலாது.

இவ்வாறு தோன்றுவதேன்?

இப்போக்கிற்கு ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். தன்மதிப்பைக் காத்துக்கொள்ளும் விருப்பு அவற்றுள் ஒன்று. ஏமாறுதல் அவமானம், அதனைப் பிறர்பால் ஏற்றிவிடுதல் மனத்துக்கு இதம்.

ஆழமான காரணம் மற்றொன்று. எமிலி புரோனின், டானியல் லின், லீ ரொஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் தம்மிடத்துள்ள சார்பினைக் காட்டிலும் பிறரிடத்துள்ள சார்பினை எளிதிற் காண்பர் எனக் கண்டது. நாம் நம்மை மதிப்பிடும்போது உள்ளத்தை நோக்குகின்றோம். அங்கு எண்ணங்களும் நியாயங்களுமே தென்படுகின்றன. பிறரை மதிப்பிடும்போது அவர் செயலையே நோக்குகின்றோம். அவர் எண்ணம் நமக்குத் தெரியாது. விளம்பரத்தில் வந்த சவர்க்காரத்தை நாம் வாங்கினால் அது நல்லது என்பதால் வாங்கினோம். அடுத்த வீட்டார் வாங்கினால் விளம்பரத்தைப் பார்த்து வாங்கினர். செல்வாக்கு என்பது அகத்தே தன்னைச் செல்வாக்கு என்று அறிவித்துக்கொண்டு நுழைவதில்லை. நமது சொந்தக் கருத்தின் உருவிலேயே நுழைகின்றது.

மூன்றாவது காரணம் தூரம். "பிறர்" எவ்வளவு சேய்மையிலுள்ளாரோ அவ்வளவு கூடுதலாக அவர்கள் பாதிக்கப்படுவர் எனக் கருதும் போக்கினைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நண்பரை விட அயலவர், அயலவரை விட வேற்று ஊரவர் என அது படிப்படியாக வளரும். இவ்வகையில் மொனராகலை கூர்ந்து நோக்கத்தக்க இடமாகும். இறப்பர்த் தோட்டங்களிலே வாழும் தமிழர் அங்கு சிறு தொகையினர். சூழவுள்ள கிராமங்கள் சிங்களக் கிராமங்கள். பலர் இரு மொழியும் பேசுவர். ஆயினும் இரவிலே கேட்கும் செய்தி வெவ்வேறு மொழியில் அமைகின்றது. அயலவன் கண்ணுக்கு அண்மையில் இருந்தும் அவன் கேட்கும் செய்தி சேய்மையில் உள்ளது. "அவர்களுடைய ஊடகம் அவர்களுக்கு என்ன சொல்கிறதோ" என்ற ஐயம் இரு புறத்தும் எழுவது இத்தகைய இடத்திலேதான்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. நல்லவையெனக் கருதப்படும் செய்திகளைப் பொறுத்தவரை இப்போக்குக் குன்றும். சிலவேளை தலைகீழாகவும் மாறும். குருதிக் கொடை, சுகாதாரம் முதலியன பற்றிய அறிவுரைகள் எம்மையே கூடுதலாகத் தொட்டன எனச் சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆகவே நாம் மறுப்பது செல்வாக்கையன்று. ஏமாளி என்ற பெயரையே.

அவ்வாறாயின் தவறு எப்பக்கத்தில்? நம்மைக் குறைத்து மதிப்பிடுகின்றோமா, பிறரை மிகைத்து மதிப்பிடுகின்றோமா? செய்தியை வாசிக்குமுன்னும் பின்னும் மனிதரின் கருத்தை அளந்து ஒப்பிட்ட சில ஆய்வுகள், பிறர்மீதான விளைவை மிகைப்படுத்துவதே இதில் முனைப்பாக உள்ளது எனக் காட்டின. 1938 ஒக்டோபர் 30ஆந் தேதி ஓர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அதனை மெய்யென நம்பி அமெரிக்க மக்கள் தெருக்களில் ஓடினர் என்ற கதை உலகெங்கும் பரவியது. பிற்கால ஆய்வாளர் அப்பீதி பத்திரிகைகள் எழுதிய அளவிற்கு நிகழவில்லை எனக் காட்டினர். பிறர் ஏமாந்தனர் என்ற செய்தியை நம்பித் தலைமுறைகள் ஏமாந்தன.

மக்கள் வெற்றுப் பாத்திரங்களாயிருந்து செய்தியை ஏற்பதில்லை என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1940ஆம் ஆண்டின் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்திலே போல் லசார்ஸ்பெல்ட் குழுவினர் நடத்திய ஆய்வு, பத்திரிகையும் வானொலியும் நேரே மனங்களை மாற்றுவது அருமை என்றும், நம்பிக்கைக்குரிய அயலவர் வழியாகவே கருத்துக்கள் பரவுகின்றன என்றும் காட்டியது. தோட்டத்திலே இது நாம் கண்கூடாகக் கண்டதாகும். பத்திரிகையை ஒருவர் வாசிப்பார். சங்கத் தலைவரோ ஆசிரியரோ விளக்கமளிப்பார். பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் அது வாதிக்கப்படும். வாசிக்கக் கேட்டவர் வெறுமனே கேட்டவரல்லர். குறுக்கு வினா எழுப்பியவர்.

எச்சரிக்கையும் இடமும்

2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையிலே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாட்களிலே நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. பின்னர் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த விடயமும் வெளிவந்தது. உடனே ஒரு வினா எழுந்தது: எச்சரித்தும் அம்மக்கள் ஏன் விலகவில்லை?

உளவியல் நூலைப் புரட்டுவோர்க்கு விடை ஆயத்தமாகவே இருக்கும். இன்பம் தமக்கும் துன்பம் பிறர்க்கும் வரும் என எண்ணுவது மனித இயல்பு. எச்சரிக்கை அடுத்த மலைக்கு உரியது என அவர்கள் நினைத்திருப்பர் என்பதே அவ்விடை. அதிலே உண்மை சிறிதிருக்கலாம். ஆனால் மீரியபெத்தை மக்கள் கூறிய விடை வேறு. போவதற்கு எமக்கு மாற்றிடம் தரப்படவில்லை என்றனர் அவர்கள். லயமும் நிலமும் தோட்டத்துக்கு உரியன. தமக்கெனக் காணியற்றவர் மலையிலிருந்து இறங்கி எங்கே செல்வர்? ஆகவே செய்தி அவர்களைச் சென்றடைந்தும் இருக்கலாம். அவர்கள் அதை நம்பியும் இருக்கலாம். நம்பியபடி நடப்பதற்கான வழியே இருக்கவில்லை.

இவ்வுதாரணம் நமது பொருளின் மையத்தைத் தொடுகின்றது. துரைமார் காலத்திலே தொழிலாளர் கேட்டதையெல்லாம் நம்புவோர் எனப்பட்டனர். மீரியபெத்தைக்குப் பின்னர் சொன்னதைக் கேளாதோர் எனப்பட்டனர். இரண்டும் நேர் முரணானவை. ஆனால் இரண்டிலும் பேசுவோன் தன்மையிலும் தோட்டத்தான் படர்க்கையிலுமே நிற்கின்றனர். இரண்டிலும் கேட்கப்படாத வினா ஒன்றே: உங்கள் நிலையிலிருந்து இச்செய்தி எவ்வாறு தோன்றிற்று?

தடையும் தணிக்கையும்

படர்க்கை விளைவின் செயற்கூறு மிகத் தெளிவாகப் புலப்படுவது தணிக்கையிலேயாகும். தணிக்கையாளர் தீயதெனக் கருதப்படும் யாவற்றையும் பார்க்கின்றார், வாசிக்கின்றார். அதனால் அவர் கெட்டுப்போனதாக அவரும் கூறுவதில்லை, நாமும் கூறுவதில்லை. கெட்டுப்போவோர் எப்போதும் பிறரே.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்படப் பாடல்கள் மக்களின் இரசனையைத் தாழ்த்துகின்றன எனக் கருதினார். அகில இந்திய வானொலியிலே அவை குறைக்கப்பட்டன. நேயர்கள் செவ்வியலிசைக்குத் திரும்பினார்களல்லர்; இலங்கை வானொலிக்குத் திரும்பினர். ஐந்தாண்டுகளின் பின்னர், 1957இல், அகில இந்திய வானொலி விவித பாரதி என்னும் சேவையை ஆரம்பித்து அப்பாடல்களை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. நமது பக்கத்திலும் இதனையொத்த நிகழ்ச்சியுண்டு. 1970களின் தொடக்கத்திலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இலங்கையிற் கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்துக்கும் பதிப்புக்கும் அது ஊக்கமளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அச்சஞ்சிகைகள் வாசகரைக் கெடுக்கின்றன என்று வாதிட்டோரும் அவற்றை வாசித்தவரே என்பதை நினைவுகூர்தல் தகும்.

அரசியற்றுறையில் இது பாரதூரமானது. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைச் சபைச் சட்டம், அதே ஆண்டில் ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குட் கொண்டுவரப்பட்டமை, 1974இலே தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனம் அவசரகால விதிகளின்கீழ் மூடப்பட்டமை ஆகியன வெவ்வேறு நியாயங்களுடன் நிகழ்ந்தவை. மக்கள் தவறாக வழிநடத்தப்படாது காக்கின்றோம் என்ற பேச்சு இத்தகைய நடவடிக்கைகளுக்கு எப்போதும் துணைநிற்பதாகும்.

அண்மைக் காலத்தில் 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது சமூக வலைத்தளங்கள் ஒரு வார அளவிற்கு முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் முடக்கப்பட்டன. வெறுப்புரை உயிர்களைக் காவுகொள்ளும் என்பதை 1983 யூலையிலே பதுளை நகர் எரியக் கண்ட எவரும் மறுக்கார். அவ்வுண்மையை ஏற்றுக்கொண்டே மற்றொன்றையும் சொல்லவேண்டும். 2022 ஏப்பிரலிலே, பொருளாதார நெருக்கடிக்கெதிராக மக்கள் கூடத் தலைப்பட்டபோதும் அதே முடக்கம் பயன்படுத்தப்பட்டது. வெறுப்பைத் தடுக்கச் செய்த கதவு எதிர்ப்பையும் அடைக்க உதவிற்று. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றிய விவாதத்திலும் இவ்வினாவே அடிநாதமாயிற்று. தீங்கு விளைவிக்கும் சொல்லைத் தண்டித்தல் ஒன்று. மக்கள் பேதையர் என்ற எடுகோளிலே எல்லார் செவியையும் பொத்துதல் வேறொன்று.

ஊவாவில் ஆய்வுக்கு ஒரு வழி

இத்துறை ஆய்வுகளிற் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவரை அடிப்படையாகக் கொண்டவை. தோட்டச் சமூகத்திற்கு அவற்றை அப்படியே பொருத்திவிடுதல் இயலாது. தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் சேர்ந்து மொனராகலை, பசறை, லுணுகலை ஆகிய இடங்களிலே எளிய ஆய்வொன்றை நடத்தலாம். ஒரே செய்தியைக் குறித்து, "உங்களை எவ்வளவு பாதித்தது?" எனவும், "அடுத்த லயத்தாரை, அடுத்த கிராமத்தாரை, கொழும்பு மக்களை எவ்வளவு பாதித்திருக்கும்?" எனவும் வினவலாம். பாதிப் பேரிடம் வினாக்களின் வரிசையை மாற்றிக் கேட்டல் வேண்டும். தீயதெனக் கருதப்படும் செய்தியுடன் நல்லதெனக் கருதப்படும் செய்தியையும் சேர்த்தல் வேண்டும். அத்துடன், மேலைநாட்டார் பெரிதும் கேளாத வினா ஒன்றையும் சேர்த்தல் நன்று: "உங்களைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பர் என எண்ணுகின்றீர்கள்?" நெடுங்காலம் படர்க்கையில் நிறுத்தப்பட்ட சமூகமொன்று இதற்கு அளிக்கும் விடை இத்துறைக்கே புதிதாக ஒன்றைத் தரக்கூடும்.

அவ்வாய்வை மேற்கொள்ளும் மாணவர் முதலில் வினாக்கொத்தைத் தாமே நிரப்பிப் பார்த்தல் நலம். லயத்துக் காம்பராவிலிருந்து கற்று வந்தவராயினும், நகரத்திலிருந்து வந்தவராயினும், பல்கலைக்கழக வாயிலைக் கடந்தவுடன் "சனங்கள்" என்ற சொல்லைத் தம்மை நீக்கி வழங்கும் பழக்கம் வந்துவிடுகின்றது. நாம் படர்க்கையில் வைத்துப் பேசுவோர் தம் வீட்டிலே தன்மையிற் பேசுவோரேயாவர். அங்கு படர்க்கையில் நிற்பவர் நாம். இதனை மனங்கொண்டு வினாவோடு அவர்களிடஞ் செல்லுதலே இவ்வாய்வின் முதற்படி எனலாம்.